வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும்

கார் ஓட்டப் பழகுகிறவர்களைப் பற்றி நம்மிடையே ஏறக்குறைய எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு கருத்து உண்டு: பழகுகிறவர் காலில் கிளட்ச் தங்காது. மெக்கானிக் இதைச் சொல்கிறார், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்கிறார், கார் வைத்திருக்கும் உறவினர் ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். இந்தக் கருத்து தனியாக வருவதில்லை. சில உபதேசங்களையும் கூடவே கூட்டிவருகிறது. புது வண்டியில் பழகாதே, பழசு ஒன்றை வாங்கு. வண்டி ஆஃப் ஆகாமல் பார்த்துக்கொள், அதற்கு முதலில் ஆக்சிலரேட்டரைக் கொடு. ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் பிடித்து நில். கிளட்ச் மேல் எப்போதும் கால் இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும். இத்தனையும் வசப்படவில்லையா, ஆட்டோமேட்டிக் வாங்கிக்கொள்.

இந்தக் கருத்தும் தவறு, அதோடு வரும் உபதேசங்களும் தவறு. கிளட்ச் சீக்கிரம் தேய்வதற்குப் பழகுகிறவரின் அனுபவக் குறைவு முக்கியக் காரணம் இல்லை. வண்டி ஆஃப் ஆகிவிடக் கூடாது என்று முதல் நாளே அவருக்குள் ஏற்றப்படும் பயம்தான் காரணம். கிளட்சைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக் கொடுக்கப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை அதைக் கருக்குகிறவை.

எதிர்த்தரப்பின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நடுச் சந்திப்பில் வண்டி நின்றுபோனால் ஆபத்து உண்டு. பின்னால் வருகிற பேருந்து நமக்காகக் காத்திருக்காது. ரயில்வே கேட்டில் நின்றால் இன்னும் மோசம். ஏற்றத்தில் வண்டி பின்னுக்கு உருண்டால் ஒட்டி நிற்கும் பைக்காரர் காலில் ஏறும். கார்பரேட்டர் காலத்து இன்ஜின்கள் ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் நகரவும் சிரமப்பட்டன. ஆகவே "ஆஃப் ஆகக் கூடாது" என்ற எச்சரிக்கை காரணமில்லாமல் பிறந்ததில்லை. ஆனால் சாலையின் ஆபத்துக்கென்று பிறந்த எச்சரிக்கையை, வேறு வண்டியே இல்லாத காலி மைதானத்தில் கற்றுக்கொள்ளும் முதல் பாடத்திலும் திணிக்கிறார்கள். கோளாறு அங்கே தொடங்குகிறது.

மறுப்புக்குப் போகுமுன் கிளட்ச் எப்படித் தேய்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் ஒரு பக்கம். அதை நோக்கி அழுத்தும் பிரஷர் பிளேட் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே கியர்பாக்ஸ் தண்டில் கோத்த கிளட்ச் பிளேட். பெடலிலிருந்து காலை முழுக்க எடுத்தால் டயாஃப்ரம் ஸ்பிரிங் மூன்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. மூன்றும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் தேய்மானம் இல்லை. பெடலை அடிவரை மிதித்தால் பிளேட் விடுபடுகிறது. அழுத்தம் இல்லாததால் அப்போதும் பிளேட்டில் தேய்மானம் இல்லை. இரண்டுக்கும் நடுவில், பிடித்தும் பிடிக்காமலும் பிளேட் வழுக்கிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டத்தில்தான் அதன் லைனிங் தேய்கிறது.

எவ்வளவு தேயும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: எவ்வளவு நேரம் வழுக்குகிறது, இன்ஜினுக்கும் பிளேட்டுக்கும் வேகத்தில் எவ்வளவு வித்தியாசம், அந்த நேரத்தில் கிளட்ச் எவ்வளவு பாரத்தைக் கடத்துகிறது. மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது வெப்பம். வெப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் லைனிங்கில் இருக்கும் பிசின் கருகுகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் அதுதான். பிளேட்டின் முகம் கண்ணாடிபோல வழவழப்பாகிவிடும், பிறகு பிடிப்பு குறையும், பிடிப்பு குறைந்ததால் இன்னும் வழுக்கும். ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகள் தெரியும். இந்த மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டு உபதேசங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்கலாம்.

1. ஆஃப் ஆனால் கிளட்சுக்கு என்ன நடக்கிறது? ஏறத்தாழ ஒன்றுமில்லை. பழகுகிறவர் பெடலைச் சட்டென்று விட்டுவிடுகிறார், பிளேட் ஃப்ளைவீலை இறுகப் பற்றுகிறது, நின்ற வண்டியை இழுக்கும் பலம் இன்ஜினுக்கு இல்லாததால் இன்ஜின் நின்றுவிடுகிறது. வழுக்கிய நேரம் ஒரு நொடிகூட இருக்காது. அந்த நொடியில் இன்ஜின் சுற்றிக்கொண்டிருந்த வேகமும் ஐடில் வேகம்தான், அதுவும் பூஜ்யத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. வண்டி குலுங்குகிறது. இன்ஜின் மவுண்டிங்குகளுக்கு ஓர் உதறல். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் கொஞ்சம் வேலை. அவ்வளவுதான். கிளட்ச் பிளேட் தேய வேண்டுமானால் வழுக்க வேண்டும். ஆஃப் ஆகிற வண்டியில் அது வழுக்குவதற்கு நேரமே கிடைப்பதில்லை.

மைதானத்தில் ஒரு காலைப் பொழுது முழுக்க ஒருவர் வண்டியை ஆஃப் செய்துகொண்டே இருந்தாலும் அவர் கிளட்சுக்குப் பெரிய தீங்கு எதுவும் செய்துவிடவில்லை. பக்கத்தில் இன்னொருவர் ஒரு தடவைகூட ஆஃப் ஆகாமல், இன்ஜின் அலற அலற, பெடலை அங்குலம் அங்குலமாக விட்டு நகர்கிறார். பார்ப்பவர்கள் இரண்டாமவரைப் பாராட்டுவார்கள். கிளட்சைக் காலி செய்துகொண்டிருப்பவர் அவர்தான்.

2. "முதல்ல ரைஸ் பண்ணு, அப்புறம் கிளட்சை விடு." இதைவிடக் கெடுதலான ஒற்றை வாக்கியம் கார் பயிற்சியில் இல்லை. கணக்கைப் பாருங்கள். சமதளத்தில், இன்ஜினை ஒரே வேகத்தில் வைத்துக்கொண்டு, கிளட்ச் முழுக்கப் பிடிக்கும்வரை வண்டியை நகர்த்துகிறோம் என்று வையுங்கள். அந்த முடிவில் வண்டிக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றல் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே கிளட்சில் வெப்பமாக விழும். இது பள்ளிக்கூட இயற்பியல். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதும் பள்ளிக்கூடத்துப் பாடம்தான்.

ஆள்களோடு சேர்த்து 1,000 கிலோ இருக்கும் சின்னக் கார் ஒன்றில், முதல் கியரில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் வண்டி மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் போகும். ஐடிலில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் நிதானமாக விட்டு நகர்த்தினால் கிளட்சில் விழும் வெப்பம் சுமார் 1,400 ஜூல். அதே வண்டியை 2,400 சுற்றில் உறுமவிட்டு நகர்த்தினால் கிளட்ச் பிடித்து முடியும்போது வேகம் 18 கிலோமீட்டர். வெப்பம் சுமார் 12,500 ஜூல். இன்ஜின் வேகம் மூன்று மடங்கு, வெப்பம் ஒன்பது மடங்கு. ஒரே தெரு, ஒரே வண்டி, ஒரே ஆள். வித்தியாசம் வலது காலில் மட்டும்.

"ஆக்சிலரேட்டர் கொடுக்காம வண்டி எப்படிங்க நகரும்?" என்று கேட்பார்கள். நகரும். கார்பரேட்டர் வைத்த பழைய மாருதி 800-லும் அம்பாசிடரிலும் ஐடில் ஒரே நிலையில் நிற்காது. பாரம் விழுந்தால் இன்ஜின் திணறும். அந்த வண்டிகளில் பழகிய தலைமுறைக்கு "முதலில் ஆக்சிலரேட்டர்" என்பது சரியான பாடமாகவே இருந்தது. 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபோது நம் கார்கள் எரிபொருளைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறின. இன்றைக்கு இன்ஜினைக் கணினி கவனித்துக்கொள்கிறது. பாரம் விழுந்து வேகம் குறைந்ததும் தானே காற்றையும் எரிபொருளையும் கூட்டி ஐடிலைத் தாங்கிப் பிடிக்கிறது. சமதளத்தில் வலது காலைத் தரையில் வைத்துக்கொண்டே இன்றைய கார்களை நகர்த்திவிடலாம். டீசல் வண்டிகளில் இது இன்னும் சுலபம். கார்பரேட்டர் போய்விட்டது. மாருதி 800-ம் அம்பாசிடரும்கூட 2014-இல் உற்பத்தி நின்று போய்விட்டன. அவற்றுக்காகச் சொன்ன பாடம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் பாடம் எப்படி இருக்க வேண்டும் என்றால்: காலியிடம், சமதளம், முதல் கியர், வலது கால் பிரேக்குக்கு அருகில், ஆக்சிலரேட்டரில் இல்லை. கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் சத்தம் ஒரு படி இறங்கும், வண்டியின் மூக்கு லேசாக எழும்பும். அதுதான் பிடிக்கும் இடம். அங்கே ஒரு கணம் காலை நிறுத்துங்கள். வண்டி உருள ஆரம்பித்ததும் மீதியை விட்டுவிட்டுக் காலை அகற்றுங்கள். தவறினால் ஆஃப் ஆகும். ஆகட்டும். மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். இந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் இடது காலுக்கு அந்த இடம் மனப்பாடமாகும். அதற்குப் பிறகு ஆக்சிலரேட்டரைச் சேர்த்தால் போதும்.

3. ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சில் பிடித்து நிற்பது திறமையா? நம்மூரில் அது திறமை என்றே கொண்டாடப்படுகிறது. மேம்பாலச் சரிவில் நெரிசலில் நிற்கும்போது பிரேக்கைத் தொடாமல், வண்டி முன்னும் போகாமல் பின்னும் வராமல், கிளட்சிலும் ஆக்சிலரேட்டரிலுமே நிறுத்திக் காட்டுபவரை "நல்லா ஓட்டுறார்" என்கிறோம். இதற்கும் கணக்கு உண்டு. பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் 1,000 கிலோ வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 980 நியூட்டன். இன்ஜின் 1,500 சுற்றில் ஓட, வண்டி அசையாமல் நிற்க, கிளட்ச் பிளேட்டில் இறங்கும் வெப்பம் நொடிக்கு 3,000 ஜூலுக்கு மேல், அதாவது மூன்று கிலோவாட். வீட்டில் துணி தேய்க்கும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் மூன்றை அந்தப் பிளேட்டின் மேல் ஒன்றாக வைத்ததற்குச் சமம். முப்பது நொடி அப்படி நின்றால், சமதளத்தில் ஐடிலில் அறுபது தடவைக்கு மேல் வண்டி எடுத்த வெப்பம் விழுந்துவிட்டது. வண்டி ஓரடிகூட நகரவில்லை.

இதில் வருத்தப்பட வேண்டியது, சரியான வழியை விதியே சொல்லியிருக்கிறது என்பது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, ஓட்டுநர் தேர்வில் எதையெல்லாம் செய்துகாட்ட வேண்டும் என்று பட்டியலிடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கையோ, அல்லது ஆக்சிலரேட்டரையும் கால் பிரேக்கையுமோ முறையாகப் பயன்படுத்தி, பின்னுக்கு உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. கிளட்சில் தொங்கவிட்டு நிறுத்திக் காட்டு என்று அதில் இல்லை. வண்டியை நிறுத்துவது பிரேக்கின் வேலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, இரண்டு கால்களையும் ஆற விடுங்கள். முன்வண்டி நகரும்போது முதல் கியர் போட்டு, கிளட்ச் பிடிக்கும் இடத்துக்கு வந்து, வண்டியின் மூக்கு எழும்புவது தெரிந்ததும் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். ஓரிரு நொடி வழுக்கல், அதோடு முடிந்தது. பின்னால் நிற்பவருக்கும் ஆபத்தில்லை. இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பாலச் சரிவும் அரைமணி நேரமும் போதும். கற்றுக்கொடுக்காததால், ஹேண்ட் பிரேக் என்பது வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது மட்டும் போடுவது என்று நினைத்தே பலர் காலமெல்லாம் ஓட்டுகிறார்கள்.

மலைப்பாதையில் இதே பழக்கம் வேறு உருவில் வருகிறது. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வளைவுக்குள் இரண்டாவது கியரிலேயே நுழைந்து, வேகம் செத்ததும், முதல் கியருக்கு இறங்கத் தயங்கி, கிளட்சைப் பாதி மிதித்து ஆக்சிலரேட்டரால் இழுத்துப் பார்ப்பது. ஆள்களும் பெட்டிகளுமாக நிறைந்த வண்டியில் ஒவ்வொரு வளைவிலும் இப்படிச் செய்தால் பாதி மலை ஏறுவதற்குள் நாற்றம் வந்துவிடும். வளைவுக்கு முன்பே கியரை இறக்கியிருந்தால் கிளட்சுக்கு அங்கே வேலையே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள நிறுத்தத்திலிருந்து ரிவர்ஸில் சரிவேறுவதும் இதே கதை. ரிவர்ஸ் கியர் ஏறக்குறைய முதல் கியர் அளவே உள்ளது. வேகம் அதிகமாகிவிடுமோ என்று பயந்து பாதிக் கிளட்சிலேயே முழுச் சரிவையும் ஏறுகிறவர்கள் ஏராளம். முகப்பைச் சரிவை நோக்கித் திருப்பி நிறுத்திவிட்டால் காலையில் முன்கியரில் வெளியே வரலாம். ரிவர்ஸ் எடுப்பது கீழே சமதளத்தோடு முடிந்துவிடும்.

4. "கிளட்ச் மேல கால் இருந்தா தைரியமா இருக்கும்." இந்தத் தைரியம் இரண்டு வகையில் கெடுக்கிறது. பெடல் மேல் கால் சும்மா கிடந்தாலே அதன் எடை பெடலைக் கொஞ்சம் அழுத்தும். டயாஃப்ரம் ஸ்பிரிங்கைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் அதைத் தொட்டபடி பாரத்தில் சுற்றும். இன்னும் கொஞ்சம் அழுந்தினால் பிளேட்டின் பிடி தளர்ந்து, ஓட்டுபவருக்கே தெரியாமல் வழுக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் இது நடக்கலாம். இடது காலுக்கென்று பக்கத்தில் இடம் இருக்கிறது. கியர் மாற்றி முடித்ததும் கால் அங்கே போக வேண்டும்.

இரண்டாவது, பிரேக் மிதிக்கும் முன்பே கிளட்சை மிதிக்கும் பழக்கம். இதுவும் ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயத்தில் பிறந்ததுதான். ஐம்பதில் போகும் வண்டியில் கிளட்சை மிதித்தால் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பது நின்றுவிடும். வண்டி தளர்ந்து ஓடும். சமதளத்தில் இது கெட்ட பழக்கம். மலை இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை, ஏனென்றால் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து பிரேக் சூடேறி வலுவிழக்கும். இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றிக் காட்ட வேண்டும் என்று அதே 15-ஆவது விதி கேட்கிறது. முதலில் பிரேக். வேகம் அந்த கியரின் ஐடில் வேகத்துக்கு அருகில் இறங்கிய பிறகுதான் கிளட்ச். பயிற்சி வகுப்புகளில் இரண்டையும் ஒன்றாக மிதிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று பெயரிடுவது பொறுப்பற்ற செயல்.

சிக்னலில் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடி பச்சைக்காகக் காத்திருப்பதால் பிளேட் தேயாது என்பது உண்மை. ஆனால் ரிலீஸ் பேரிங் அத்தனை நேரமும் பாரத்தில் சுற்றுகிறது. அது போனாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். நியூட்ரல் போடுங்கள்.

5. அப்படியானால் ஹாஃப் கிளட்சே கூடாதா? எதிர்முனையில் நின்று இப்படிச் சொல்லும் கூட்டமும் உண்டு. அவர்களும் தவறாகவே சொல்கிறார்கள். நிற்கும் வண்டியை ஓடும் இன்ஜினோடு சேர்க்க வேண்டுமானால் சிறிது வழுக்கியே ஆக வேண்டும். கிளட்ச் செய்யப்பட்டதே அதற்காக. வழுக்கவே கூடாது என்று கேட்டுப் பயந்தவர் பெடலைப் படாரென்று விடுவார். கேள்வி எத்தனை நொடி, எத்தனை சுற்றில் என்பது மட்டுமே. ஊர்ந்து போகும் நெரிசலில் முன்வண்டி ஓரடி நகரும்போதெல்லாம் நாமும் ஓரடி நகர்ந்தால் ஒவ்வொரு அடிக்கும் கிளட்ச் ஒரு முறை வழுக்குகிறது. நாலைந்து அடி இடம் விட்டுவிட்டு, பிறகு முதல் கியரில் காலை முழுக்க எடுத்து ஐடிலிலேயே உருண்டால் அத்தனைக்கும் ஒரே வழுக்கல். இடையில் ஓர் ஆட்டோ நுழையும். நுழையட்டும்.

6. பழைய வண்டியில் பழகினால் நஷ்டம் குறைவு என்கிறார்கள். யாருக்கு? பல கைகள் மாறிய காரில் லைனிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். அதனால் கிளட்ச் பெடலின் மேல்கோடியில் பிடிக்கும், பெடலும் கனத்துப்போயிருக்கும். பிளேட் வழவழப்பாகியிருந்தால் வண்டி எடுக்கும்போது நடுங்கும். அந்த நடுக்கம் தன் தவறு என்று பழகுகிறவர் நினைத்துக்கொள்வார். ஹேண்ட் பிரேக் தொளதொளவென்று இருக்கும், ஆகவே ஏற்றத்தில் அதை நம்பக் கூடாது என்ற பாடமும் சேர்ந்து பதியும். இப்படி உருவான கால் பழக்கத்தோடு அவர் ஒரு நாள் புது வண்டியில் உட்காருவார். பிளேட் மட்டும்தான் புதியது, பழக்கம் பழையது. பழைய வண்டியில் மிச்சம் பிடித்த பணத்தைப் புது வண்டியில் வட்டியோடு கட்டுவார். கிளட்ச் செட் தேய்மானப் பொருள் என்பதால் வாரண்டியில் சாதாரணமாக வராது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி தனி.

பழகுகிறவர் காலில் கிளட்ச் தங்காது என்ற வாதத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு, பணத்தைவிடப் பெரியது. வீட்டில் கார் நிற்கிறது. மனைவியோ மகளோ லைசென்ஸும் வாங்கிவிட்டார். சாவியைக் கேட்டால், "கிளட்சை எரிச்சிடுவே, கொஞ்ச நாள் போகட்டும்" என்ற பதில் வருகிறது. கொஞ்ச நாள் வருடங்களாகிறது. லைசென்ஸ் பர்ஸுக்குள் இருக்கிறது, அவர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறார். எப்போதாவது சாவி கிடைக்கிற நாளில் பக்கத்து இருக்கையில் ஒருவர் "ஆஃப் ஆகப்போகுது, ஆஃப் ஆகப்போகுது" என்று பதறிக்கொண்டே வருவார். பதற்றத்தில் வலது கால் அழுந்தும், இடது கால் பாதியில் உறையும், நாற்றம் வரும். "நான் அப்பவே சொன்னேனே" என்பார் அவர். கிளட்சை எரித்தது அந்தப் பதற்றம். பழி மட்டும் ஓட்டியவர் மேல். பெண்கள் கார் ஓட்டினால் கிளட்ச் தாங்காது என்ற பேச்சு இப்படித்தான் வீட்டுக்கு வீடு உற்பத்தியாகிறது. அதற்கு இயந்திரத்தில் எந்த ஆதாரமும் இல்லை. கிளட்ச் பிளேட்டுக்கு நேரம், வேக வித்தியாசம், பாரம் ஆகிய மூன்றும் தெரியும். மிதிக்கிறவர் யார் என்பது தெரியாது.

7. ஆட்டோமேட்டிக் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி தீர்ந்ததா? எந்த ஆட்டோமேட்டிக் என்று கேட்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் வைத்த வண்டியில் வழுக்கல் எண்ணெய்க்குள் நடக்கிறது, அங்கே இந்தப் பேச்சு பொருந்தாது. ஆனால் 2014-இல் மாருதி செலேரியோவோடு நம் சாலைக்கு வந்து, குறைந்த விலையால் பரவிய ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸும் சாதாரண உலர் கிளட்சும்தான். பெடலை மிதிக்கும் வேலையைக் காலுக்குப் பதிலாக ஓர் இயந்திரக் கருவி செய்கிறது. பாலச் சரிவில் பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திப் பிடித்தால் அதிலும் பிளேட் வழுக்குகிறது, அதிலும் கருகுகிறது. கிளட்ச் எப்படித் தேய்கிறது என்று தெரியாமல் பெடலை மட்டும் ஒழித்துவிட்டவருக்கு, இப்போது அதைக் காலில் உணரும் வாய்ப்பும் இல்லை.

8. இத்தனைக்குப் பிறகும் "முறையா டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்" என்பவர்கள் உண்டு. சரியாகலாம், ஆனால் இன்றைய வழக்கப்படி ஆகாது. பயிற்சி வண்டிகளில் மாஸ்டரின் காலடியிலும் கிளட்சும் பிரேக்கும் உண்டு. விதிப்படி அந்த இரட்டைக் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும், இருக்கவும் வேண்டும், அது உயிர்காப்பு. ஆனால் நடப்பது என்ன? மாணவர் கிளட்சைக் கொஞ்சம் வேகமாக விட்டதும் இன்ஜின் திணறும். நிற்பதற்கு முன் மாஸ்டர் தன் பக்கத்துக் கிளட்சை மிதித்துவிடுவார். வண்டி ஆஃப் ஆகாது. மாணவர் தனக்கு வந்துவிட்டது என்று நம்புவார். வகுப்புக் காலம் முழுக்கக் கிளட்சைப் பாதிக்கு மேல் இயக்கியது மாஸ்டரின் கால். பிறகு சொந்த வண்டியில் தனியாக உட்கார்ந்து முதல் சிக்னலிலேயே நின்றுபோகும்போது, பின்னாலிருந்து ஹார்ன் முழங்க, தனக்கு எதுவுமே தெரியாது என்ற திகில் பிடிக்கிறது. அந்தத் திகிலுக்கு அவரே கண்டுபிடிக்கும் மருந்து ஆக்சிலரேட்டரும் ஹாஃப் கிளட்சும். மைதானத்தில் செலவில்லாமல் செய்திருக்க வேண்டிய தவறுகளை அவர் சாலையில், ஆபத்தோடும் செலவோடும் செய்கிறார்.

மாஸ்டர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஒரு வண்டி, வரிசையாகக் காத்திருக்கும் மாணவர்கள், ஆளுக்கு அரைமணி நேரம், அதுவும் போக்குவரத்து நடுவில். வண்டி நின்றால் நேரம் போகும். ஆனால் 2021-இல் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்காக வந்த விதிகள் இலகுரக வாகனத்துக்கு 29 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கின்றன. அதில் 21 மணி நேரம் செய்முறை. அதில் ஒரே ஒரு மணி நேரத்தைக் கிளட்சுக்கு மட்டும் ஒதுக்க முடியாதா?

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களிடமும், வீட்டில் கற்றுக்கொடுக்கிறவர்களிடமும் கேட்பது இதுதான். முதல் இரண்டு வகுப்புகளைக் காலி மைதானத்தில் வையுங்கள். உங்கள் காலைப் பிரேக்கில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக் கிளட்சைத் தொடாதீர்கள். மாணவர் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வண்டியை எடுக்கட்டும். ஆஃப் ஆகும்போது ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். தானாக நகர வந்த பிறகு ஒரு பாலச் சரிவுக்கு அழைத்துப்போய் ஹேண்ட் பிரேக் போட்டு எடுக்கக் கற்றுக்கொடுங்கள். இவை வராத ஒருவரைத் தேர்வுக்கு அனுப்பாதீர்கள்.